சீட்டு இல்லாத மாத்திரை

சுலோசனாவுக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். முத்தாபுதுப்பேட்டையில் அதைக் குறையாகச் சொன்னவர்களைவிடச் சொல்லிச் சிரித்தவர்கள்தான் அதிகம். சில்லறை வாங்கும் சாக்கில் விரலைத் தடவிய ஒருவனை, கவுன்ட்டருக்கு உள்ளே நின்றபடியே காலரைப் பற்றி இழுத்து, அவன் மூக்கு கவுன்ட்டர் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும்படி அழுத்தி வைத்தவள். காலாவதியான சிரப்பைத் தலையில் கட்டப் பார்த்த விற்பனைக்காரனின் பையைத் தூக்கிச் சாக்கடையில் போட்டவள்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஆவடியைச் சுற்றியிருந்த வயல்களில் கூலிக்குப் போனவர்கள். வயல்கள் மனைகளானபோது அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் வாட்ச்மேன் ஆனார். அம்மா அங்கேயே ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். மகள் டி.பார்ம் படித்தாள். படிப்பு முடிந்து பல வருஷம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பெரிய மருந்துக் கடையில் நின்றாள். குடித்தவன், திருடன், உரசுகிறவன் என்று எல்லோரும் வந்துபோகிற கடை அது. அங்கேதான் அவள் கைக்கு இந்தப் பழக்கம் வந்தது. பிறகு சொந்த ஊரில் சொந்தமாகக் கடை போட்டாள்.

அவளைக் கட்டியவன் வெற்றிச்செல்வன், பாடியில் லேத் ஓட்டுகிறவன். மிஷின் சத்தத்திலேயே நாளெல்லாம் நிற்பதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் குரலை உயர்த்தவே மாட்டான். பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி முடித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த தெரு தாயம்மாவின் மகன் அருள், பூந்தமல்லி ரோட்டில் ஒரு குடோனில் லோடு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். ஒருநாள் பெட்டி சரிந்து தோளில் விழுந்துவிட்டது என்று முகம் வெளுத்து வந்து நின்றான். சுலோசனா டாக்டர் சீட்டு கேட்கவில்லை. கடுமையான வலிக்கு என்று வைத்திருந்த மாத்திரையில் ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். தெரிந்த பையன், வலி நிஜம், டாக்டரிடம் போனால் அரைநாள் கூலி போகும். எந்தக் கடையிலும் இப்படித்தான் நடந்தது. தோள் ஆறிய பிறகும் அருள் வந்தான். வாரம் ஒருமுறை, அப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை. கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் அடுத்த ஆளைப் பார்த்தாள்.

மருந்தாளுநர்கள் தங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் புத்தாக்கப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கியாக வேண்டும். முன்பு போன வகுப்புகளில் சுலோசனா கையெழுத்துப் போட்டாள், கடைசி வரிசையில் தூங்கினாள், பிரியாணி சாப்பிட்டாள், சான்றிதழோடு பஸ் ஏறினாள். இந்த முறையும் அதே நினைப்பில்தான், மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட புழுதியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பாடம் எடுக்க வந்தவள் கிருஷ்ணப்பிரியா, ஏதோ ஒரு பார்மசி கல்லூரி ஆசிரியை. சன்னமான குரல். மைக் இருந்தும் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. ஆனால் திரையில் அவள் காட்டிய படம் சுலோசனாவின் தூக்கத்தைக் கலைத்துவிட்டது. அவள் கடையில் இடதுபக்க ரேக்கில் இருக்கும் அதே அட்டை.

"இந்த மாத்திரையை இப்ப வலிக்காக வாங்கறவங்களைவிட போதைக்காக வாங்கற பசங்கதான் அதிகம்," என்றாள் கிருஷ்ணப்பிரியா. "மொதல்ல நிஜமான வலிக்குத்தான் ஆரம்பிக்குது. அப்புறம் விட முடியறதில்லை. வலிப்பு வருது, மூச்சு நின்னுபோகுது. சீட்டு இல்லாம கேட்டா, மாட்டேன்னு சொல்லிடுங்க."

சுலோசனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அருளின் முகம் எப்போதிலிருந்து ஒட்டிப்போனது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

அதற்குள் நடுவரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பாடியில் கடை வைத்திருக்கும் அமல்ராஜ். வலதுகையைத் தூக்கிக் காட்டினார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது.

"மாட்டேன்னு சொல்லுன்னு ஈசியா சொல்லிட்டீங்க மேடம். நான் சொன்னேன். இதோ பாருங்க, கத்தியால இழுத்துட்டுப் பூட்டானுங்க. அத்தோட வுட்டானுங்களா? அடுத்த தெருவுல வாங்கிகினு வந்து என் கடை வாசல்லயே நின்னு சிரிச்சானுங்க. வித்தவரு இங்கதான் மொத வரிசையில குந்திகினு கீறாரு."

எல்லோரும் முதல் வரிசையைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்த ஜானகிராமன் எழுந்தார். அவருக்கு அந்தப் பக்கத்தில் பல கடைகள்.

"யாரைப் பாத்து இன்னா பேசற? ஆதாரம் கீதா உங்கிட்ட?"

அமல்ராஜ் வரிசைகளுக்கு நடுவே நடந்து போய், நல்ல கையால் அவர் கன்னத்தில் அறைந்தார்.

அதன்பிறகு மண்டபம் மண்டபமாக இல்லை. ஜானகிராமனின் ஆட்கள் அமல்ராஜைக் கீழே தள்ளி மிதித்தார்கள். பாடிக்காரர்கள் பாய்ந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று பறந்து வந்து, எதிலும் சேராமல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் புருவத்தைக் கிழித்தது. திரை கிழிந்து தொங்கியது. அமல்ராஜின் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதிக்கொண்டிருந்தவனின் முதுகில் சுலோசனா தன் கூடையை ஓங்கி வீசினாள். மண்டபத்து மேனேஜர் என்ன செய்வதென்று தெரியாமல் மெயினை அணைத்துவிட, ஜன்னல் சாத்திய கூடம் இருண்டுபோய், அந்த இருட்டுக்குள் அடி விழும் சத்தமும் அலறலும் மட்டும் கேட்டன.

விளக்கு வந்தபோது ஜானகிராமனும் ஆட்களும் போயிருந்தார்கள். அமல்ராஜ் ஒரு பல்லைக் கைக்குட்டையில் துப்பிக்கொண்டிருந்தார். கிருஷ்ணப்பிரியா மேடையிலேயே நின்றாள். இறங்கி வந்து பெரியவரின் புருவத்தைத் தன் துப்பட்டாவால் அழுத்திப் பிடித்தபடி, மைக் இல்லாமலே சொன்னாள்:

"போறவங்க போலாம். சான்றிதழ் எப்படியும் குடுத்துடுவாங்க. இருக்கிறவங்களுக்கு நான் பாடம் எடுக்கறேன்."

பாதிப் பேர் போனார்கள். மிச்சப் பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கிருஷ்ணப்பிரியா மணமேடையில் கிடந்த ஒரு திண்டை எடுத்துப் போட்டு, அதுதான் மூச்சு நின்றவனின் உடம்பு என்றாள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கையில் சாவி கொடுக்காதே. மூச்சு நின்றுவிட்டால் நெஞ்சின் நடுவே அழுத்து. ஒவ்வொருவராக வந்து திண்டை அழுத்தினார்கள். சுலோசனா முட்டி போட்டபோது கிருஷ்ணப்பிரியா அவள் முழங்கையைத் தட்டி நிமிர்த்தினாள்.

"கையை மடக்காதீங்கம்மா. ஒடம்பு பாரம் முழுக்க எறங்கணும்."

"போதை மாத்திரை போட்டுகினு வுழறவனுக்கும் இதேதானா மேடம்?"

"யார் விழுந்தாலும் இதேதான்."

சுலோசனா வேர்த்து வழியும்வரை அழுத்தினாள்.

மறுநாளே ரேக்கில் இருந்த அட்டைகளை எல்லாம் எடுத்து மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்பினாள். பிறகு கடையைச் சாத்திவிட்டு நேரே தாயம்மாவின் வீட்டுக்குப் போனாள். தாயம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சுலோசனா சுற்றி வளைக்காமல் சொன்னாள். தாயம்மா கேட்டுக்கொண்டே தலைமுடியை முடிந்தாள்.

"எம்புள்ள தோள் வலிக்கு மாத்திரை துன்றான். அதைக் குடுத்ததே நீதான?"

"ஆமாக்கா, நான்தான் குடுத்தேன். அதான் நானே வந்து சொல்றேன்."

"குடுக்கும்போது நல்ல மாத்திரை, இப்ப போதை மாத்திரையா? எம்புள்ளைக்குப் பொண்ணு பாத்துகினு கீறேன். ஊடேறி வந்து இன்னாத்துக்கு அவன் பேரைக் கெடுக்கிற?" என்று அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சுலோசனா வாசற்படியில் சறுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள்.

அன்று சாயந்திரம் அருள் வந்தான்.

"அக்கா, ஒரு அட்டை."

"சீட்டு கீதா?"

அவன் சிரித்தான். "இன்னாக்கா புதுசா?"

"அந்த மாத்திரையே இனிமே இந்தக் கடையில இல்ல. நீ ஆஸ்பத்திரிக்குப் போ அருளு. நான் கூட வர்றேன்."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. முதலில் கெஞ்சினான். உடம்பெல்லாம் முறுக்குது, ஒன்றே ஒன்று கொடு என்றான். அப்புறம் வாசலில் இருந்த எடை பார்க்கும் மெஷினைக் காலால் உதைத்துச் சாய்த்தான். "நீதான கைநீட்டிக் குடுத்த! பழக்கிவுட்டுட்டு இப்ப கெடையாதுன்னா, நான் எங்க போறது?" என்று கவுன்ட்டருக்கு மேலே எட்டி அவள் முடியைப் பிடித்தான். சுலோசனா அறைந்தாள். அவன் படியில் உருண்டு விழுந்தான். தெருவே நின்று பார்த்தது. எழுந்தவன் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவளையும் கடையையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான்.

வெற்றிச்செல்வன் போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றான். "தெரிஞ்ச புள்ள," என்றாள் சுலோசனா. உண்மையில் அவளுக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. அருள் சொன்னதில் எதை அவள் பொய் என்று சொல்ல முடியும்?

சனிக்கிழமை மத்தியானம், லீவில் இருந்த வெற்றிச்செல்வன் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்கு வந்த நேரத்தில், ஒரே பைக்கில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். நடுவில் அருள். கையில் பட்டாக்கத்தி. முதல் வெட்டு கவுன்ட்டர் கண்ணாடியில் விழுந்து, கண்ணாடி முழுதும் பொலபொலவென்று உதிர்ந்தது. மற்ற இருவரும் உள்ளே பாய்ந்து ரேக்குகளைச் சரித்தார்கள். இருமல் மருந்து பாட்டில்கள் உடைந்து தரை பிசுபிசுத்தது.

"எங்கடி வச்சிருக்க? எட்றி!"

"இல்லடா! சத்தியமா இல்ல!"

அருள் கத்தியை ஓங்கினான். வெற்றிச்செல்வன் கேரியரைப் போட்டுவிட்டு நடுவில் புகுந்து கையை நீட்டினான். கத்தி முழங்கைக்குக் கீழே இறங்கியது. அவன் கத்தவில்லை. ஏதோ மறந்துபோனதை நினைத்துப் பார்ப்பவன் போல, பிளந்த கையையே பார்த்துக்கொண்டு சுவரோரம் சரிந்தான்.

ஷட்டரை இழுக்கும் இரும்புக் கொக்கி மூலையில் சாத்தியிருந்தது. அதை எப்போது எடுத்தோம் என்று சுலோசனாவுக்குப் பிறகும் ஞாபகம் வரவில்லை. முதல் அடி அருளின் வலது முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கத்தி விழுந்தது. மற்ற இருவரும் பைக்கை நோக்கி ஓடினார்கள். அவள் நிறுத்தவில்லை. தோளில், முதுகில், தொடையில். விழுந்தவன் சுருண்டு, "அக்கா, வேணாங்க்கா" என்றான். அது காதில் விழுந்தும் அடித்தாள். கண்ணாடித் துண்டுகள் அவள் காலை அறுத்தன. அடிப்பது இனித்தது. அந்த இனிப்பைத்தான் பின்னாளில் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

"சுலோ! போதும்! செத்துடுவான்!" வெற்றிச்செல்வன் உரக்கக் கத்தி அவள் கேட்டது அன்றுதான். கொக்கி கையிலிருந்து நழுவியது.

அருளின் உடம்பு அப்போது வேறுவிதமாக விறைத்தது. கழுத்து பின்னால் வளைந்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. வாசலில் கூடியிருந்த கூட்டத்திலிருந்து யாரோ சாவிக்கொத்தை எறிந்தார்கள். "கையில இரும்பக் குடு!" என்றார்கள். இன்னொருவர், "வுடும்மா, சாவட்டும்! உன் புருசன் கையப் பாரு மொதல்ல!" என்றார்.

சுலோசனா புருஷனைப் பார்த்தாள். அவன் கைலியில் கிழித்த துண்டால் தன் கையை இறுக்கிப் பிடித்தபடி, போ என்று தலையாட்டினான்.

சாவிக்கொத்தை எடுத்து வெளியே வீசினாள். கண்ணாடியைக் காலால் ஒதுக்கி, அருளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே பஞ்சுக்கட்டை வைத்தாள். வலிப்பு அடங்கியது. அடங்கியதும் மூச்சும் அடங்கிவிட்டது. உதடு நீலம் பாரித்தது. அவனை மல்லாக்கப் புரட்டி, ஒடித்த கையை ஒதுக்கி வைத்துவிட்டு, அவன் நெஞ்சின் நடுவே இரண்டு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்கினாள். முழங்கையை மடக்காமல், உடம்பு பாரம் முழுக்க. திண்டு இப்படி முனகவில்லை. உள்ளே ஏதோ நெறிபட்டது. அவள் நிறுத்தவில்லை. "நூத்தியெட்டுக்கு போன் போடுங்கடா! பாத்துகினு நிக்கிறீங்களே!" என்று அழுத்திக்கொண்டே கத்தினாள். அவள் கண்ணீரும் மூக்குச்சளியும் அவன் சட்டையில் சொட்டின. அவன் இருமினான். திரும்ப நின்றது. திரும்ப அழுத்தினாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவளைப் பிடித்து விலக்கியபோது அவன் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் வெற்றிச்செல்வனுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் சுலோசனா காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தபோது தாயம்மா ஓடி வந்தாள். யாரும் தடுப்பதற்குள் செருப்பைக் கழற்றிச் சுலோசனாவின் முகத்தில் அடித்தாள். தலையில், தோளில், மறுபடி முகத்தில். சுலோசனா தன் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். நர்ஸ்கள் வந்து தாயம்மாவை இழுத்தார்கள். இழுபட்டபடியே அவள் அலறினாள்:

"கைய ஒடச்சதும் நீ! உசுரக் குடுத்ததும் நீயாம்! நான் உன்னை இன்னான்னுடி திட்டுவேன்?"

போலீஸ் வாக்குமூலம் எடுத்தபோது சுலோசனா முதலிலிருந்து சொன்னாள். சீட்டு இல்லாமல் முதல் அட்டையைக் கொடுத்ததையும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்து, "அது தேவையாம்மா? உனக்குத்தான் பிரச்சனை" என்றார். எழுதுங்க என்றாள். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து, கடையின் லைசென்ஸைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். கடையை உடைத்து வெட்டியவர்கள்மேல் ஒரு வழக்கு, அவள் அடித்ததற்கு ஒரு வழக்கு. இரண்டும் இன்னும் நடக்கின்றன. சில கடைக்காரர்கள் அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். ஒரு நாள் யாரோ மூடிய ஷட்டரில் சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அமல்ராஜ் தன் கடை ஆட்களோடு வந்து கழுவிவிட்டுப் போனார்.

கடை மூடிக்கிடந்த அந்த மாதங்களில் அவள் கிருஷ்ணப்பிரியாவுக்குப் போன் செய்து, அடுத்த வகுப்பு எங்கே என்று கேட்டாள். சான்றிதழ்தான் வாங்கிவிட்டாளே என்று கிருஷ்ணப்பிரியா சொன்னதற்கு, "பாடம் பாதியில நின்னுபோச்சே மேடம்" என்றாள். அம்பத்தூரில் ஒன்று, திருநின்றவூரில் ஒன்று என்று போய் உட்கார்ந்தாள். ஒரு கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னார்கள். மேடையேறி, மைக்கைப் பிடித்து, "மாட்டேன்னு சொல்றதை மொத நாளே சொல்லிடுங்க. ரெண்டாவது நாள் சொன்னா அடிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். கைதட்டினார்கள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

வெற்றிச்செல்வனின் இடதுகை விரல்கள் முழுக்க மடங்கவில்லை. லேத்தில் நிற்க முடியாது என்று அவனை அளவு பார்க்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அதைப் பற்றி அவன் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தாலும் எழுந்து நின்றுவிடுகிறான்.

ஜாமீனில் வந்த அருள் கொஞ்ச நாள் கண்ணில் படவில்லை. கடை மறுபடி திறந்தபின் ஒரு காலையில் வந்து நின்றான். அவன் வலதுகை நேராக நீளாமல் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. இடதுகையால் ஒரு சீட்டை வைத்தான். தாயம்மாவின் பிரஷர் மாத்திரைக்கு.

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் போகாமல் நின்றான்.

"தூக்கம் வர மாட்டேங்குதுக்கா. ஒடம்பெல்லாம் பூச்சி ஊர்ற மாதிரி கீது."

"புதன்கிழமை ஆஸ்பத்திரியில அதுக்குன்னே டாக்டர் பாக்கறாரு. மனநலப் பிரிவுல. நான் கேட்டு வச்சிருக்கேன்."

"நான் பைத்தியமா?" அவன் கண் சிவந்தது. இடதுகை கவுன்ட்டரின் புதுக் கண்ணாடியில் ஓங்கி அறைந்தது. உடையவில்லை. அவளும் நகரவில்லை. பிறகு அவன் கடைப் படியில் காறித் துப்பிவிட்டு, மாத்திரைப் பொட்டலத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

அந்தப் புதன்கிழமை அவன் போனான் என்று தாயம்மா வந்து சொன்னாள். அடுத்த புதன் போகவில்லை. அதற்கடுத்த புதன், தாயம்மா அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து பஸ்ஸில் ஏற்றியதைத் தெருவே பார்த்தது. ஏற்றும்போது அவன் பெற்றவளை அடித்தான். அவளும் திருப்பி அடித்தாள். பஸ் இருவரையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.